தேக்குவதா? திறப்பதா?

ஐப்பசி பிறந்துவிட்டால், தாம்பரத்துக்கு மேற்கே அடையாற்றங்கரையில் குடியிருக்கும் ஜனங்களுக்கு இரண்டு கவலைகள் ஒருங்கே உண்டாகின்றன. மழை பெய்துவிடுமோ என்பது ஒன்று. பெய்யாமற் போய்விடுமோ என்பது மற்றொன்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளத்துச் சாமான்களை அவசரம் அவசரமாக மாடிக்கு ஏற்றும் குடும்பமே, சித்திரை வைகாசியில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து வாசலில் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்த குடும்பமாகவும் இருக்கக் காண்கிறோம். ஒரே வீட்டுக்கு வெள்ளமும் பகை, வறட்சியும் பகை. இவ்விரு பகைகளையும் எதிர்ப்பதற்கு வேண்டிய உபாயங்களோ ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை. வறட்சிக்கு அஞ்சுகிறவன் ஏரியை நிரப்பி வைக்கச் சொல்கிறான். வெள்ளத்துக்கு அஞ்சுகிறவன் அதைக் காலியாக வைக்கச் சொல்கிறான். ஒரே ஏரியை நிறைவாகவும் வெறுமையாகவும் வைத்திருப்பது எங்ஙனம் என்பதுதான், சென்னையின் தென்புறத்தை நிர்வகிப்பவர்களுக்கு முன்னால் வருஷந்தோறும் வந்து நிற்கும் கேள்வி.

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெரிய யோசனை எதுவும் தேவையில்லை. இரண்டு நன்மைகள் எதிரெதிராக நின்று, ஒன்றைக் கைக்கொண்டால் மற்றொன்று கைநழுவும் என்ற நிலை வரும்போதுதான் ஆட்சித் திறமைக்குச் சோதனை ஏற்படுகிறது. அந்தச் சோதனையை நமது ஊர்ப்புறத்தில் அளந்து பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அது செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நகரத்தின் குடிநீருக்கு முக்கியமான ஆதாரங்களில் அது ஒன்று. அதன் உபரி நீர் திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் கலக்கிறது. அடையாறோ ஆதனூர் ஏரியில் பிறந்து, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் ஆகிய ஊர்களை அடுத்து ஓடி, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றின் அடியில் நுழைந்து, சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் கடந்து கடலை அடைகிறது. மொத்தம் ஏறக்குறைய 42 கிலோமீட்டர்தான். நதிகளின் ஜாபிதாவில் சேர்ப்பதற்கே தயங்கத்தக்க அளவில் சிறியது. வருஷத்தில் பத்து மாதம் அதைப் பார்ப்பவர்கள் ஆறென்று நம்பமாட்டார்கள்.

2015ஆம் வருஷம் டிசம்பர் 1ந் தேதி அதை நம்பாதவர் ஒருவரும் இல்லை. அந்த வருஷத்து நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. வருஷம் முழுவதற்கும் சராசரியாகப் பெய்வதே 140 சென்டிமீட்டர் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். நிலம் ஊறி, ஏரிகளெல்லாம் ததும்பிக்கொண்டிருந்த தருணத்தில், டிசம்பர் 2ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டின. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிடப்பட்டது. நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் மணப்பாக்கத்துக்கும் தண்ணீர் கட்டிலுயரத்தில் வந்து சேர்ந்தது. விமான நிலையம் ஏறக்குறைய ஐந்து நாட்கள் மூடிக்கிடந்தது.

வெள்ளம் வடிந்ததும் வாதம் எழுந்தது. அதுமுதல் நமது நாட்டில் இரண்டு கட்சிகள் இருந்து வருகின்றன. ஏரியை முன்னதாகவே சிறுகச் சிறுகத் திறந்து காலியாக்கி வைத்திருந்தால் இவ்வளவு நீரை ஒரே இரவில் விடவேண்டிய அவசியம் நேர்ந்திராது என்பது ஒரு கட்சி. இதைத் திறப்போர் கட்சி என்போம். பெய்த மழையே அவ்வளவு. ஏரியின் கீழ்ப்புறத்திலும் பெருமழை கொட்டியது. கரை உடைந்திருந்தால் ஏற்பட்டிருக்கும் நாசத்தை எண்ணிப் பாருங்கள் என்பது சர்க்கார் தரப்பு வாதம். 2018ஆம் வருஷம் ஜூலையில் சட்டசபை முன் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இது மனிதரால் விளைந்த விபத்தென்றே கூறியது. திறப்போர் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அந்த அறிக்கை வெளியான மறு வருஷமே மற்றொரு கட்சியின் முறை வந்தது. 2019ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக்கு நீர் தரும் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டு கிடந்தன. செம்பரம்பாக்கத்தின் தரை பாளம் பாளமாக வெடித்த காட்சி உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லாத காரணத்தால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு ரயில் வண்டி வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. நான்கு வருஷத்துக்கு முன் படகில் ஏறித் தப்பிய நகரம், ரயிலில் வந்த தண்ணீரை வரவேற்றது. தேக்குவோர் கட்சியார் கேட்கும் கேள்வி இப்போது நியாயமாகவே தோன்றியது: கார்த்திகையில் பயந்து நீங்கள் கடலுக்கு அனுப்பிவிட்ட தண்ணீரை ஆனியில் எங்கே போய்த் தேடுவீர்கள்?

இவ்விஷயத்தில் மதகுக்குப் பொறுப்பான இஞ்சினீயர்களை ஏசுவது சுலபம். அவர்களுடைய இடத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. நமது பிராந்தியத்துக்கு முக்கியமாக மழையைத் தருவது ஐப்பசி கார்த்திகைப் பருவமே. அது முடிந்துவிட்டால் அடுத்த ஆடி ஆவணி வரையில் நம்பிக்கையோடு எதிர்பார்க்கத்தக்க மழை கிடையாது. ஆகையால் நவம்பரில் வெளியேற்றிய தண்ணீர் டிசம்பரில் திரும்பி வராவிட்டால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய ஒரு வருஷம் ஆகும். திறந்தபின் மழை பெய்யாது போனால், தண்ணீரை வீணாக்கிய மகாபாவி என்று பெயர். திறவாமலிருந்து மழை பெய்துவிட்டால், ஊரை முழுகடித்தவன் என்று பெயர். 2003ஆம் வருஷத்து வறட்சியில் குழாய்கள் ஊமையாகி, வீராணம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவர நேர்ந்ததை மறவாத ஓர் இலாகாவுக்கு எந்தப் பழி அதிக அச்சத்தைத் தந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மனிதன் தான் கடைசியாகப் பட்ட அடியை நினைத்துத்தான் கையைத் தூக்கித் தடுக்கிறான்.

2015க்குப் பிறகு கட்சி மாறிற்று. 2020ஆம் வருஷம் நவம்பர் 25ந் தேதி நிவர் புயல் கரையை நெருங்கிய வேளையில், நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் முதலில் வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறக்கப்பட்டது. ஐந்து வருஷங்களுக்குப் பின் அப்போதுதான் வெள்ள நீருக்காக அந்த மதகுகள் திறந்தன. மேலே இரண்டு அடியைக் காலியாக விட்டுவைப்பது என்ற வழக்கம் இதன்மூலம் ஊன்றிவிட்டது. இதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த இரண்டு அடியின் மதிப்பு என்ன என்பதை வாசகர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏரியின் மேல் இரண்டு அடிக்குள் அடங்கும் நீர் 500 மில்லியன் கன அடிக்குக் குறையாது. 2015ஆம் வருஷத்து இரவில் போன வேகத்தில், அதாவது வினாடிக்கு 29,000 கன அடி வீதம், வெள்ளம் வந்து சேருமானால் இந்தக் காலியிடம் ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பிப்போகும். அதே 500 மில்லியன் கன அடியை லிட்டராக மாற்றினால் 1,400 கோடிக்கு மேல் வருகிறது. நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், சென்னை மாநகருக்கு இரண்டு வாரக் குடிநீர். ஆக, ஐந்து மணி நேரத்து அவகாசமும் பதினான்கு நாள் தாகமும் அந்த இரண்டு அடிக்குள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. ஐந்து மணி நேரம் என்பதை அற்பமென்று தள்ளிவிடக் கூடாது. இரவு பத்து மணிக்கு எச்சரித்து விடியற்காலை மூன்றுக்குள் ஒரு பேட்டையைக் காலி செய்யலாம். பதினான்கு நாட்களையும் அப்படியே தள்ளமுடியாது. 2019இல் ஒவ்வொரு குடத்துக்கும் அடித்துக்கொண்டவர்களைக் கேட்டால் அதன் விலையைச் சொல்வார்கள்.

நமது கட்சி என்னவென்றால், 22 அடி என்பது ஒரு போர் நிறுத்தமே தவிர உடன்படிக்கையன்று. இரு கட்சியாரும் நடுவில் ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டு ஓய்ந்திருக்கிறார்கள். பெருவெள்ளம் வந்தால் அந்த இடம் போதாது. கடும் வறட்சி வந்தால் அந்த இடம் வீண். நடுவழி என்பதற்காகவே ஒரு வழி நல்ல வழியாகிவிடாது. இருவருக்கும் பாதிப் பாதி அதிருப்தியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கும், இரண்டு நன்மைகளையும் முழுமையாகப் பெறும்படி காரியத்தின் அமைப்பையே மாற்றுவதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

வெளிநாட்டில் இவ்விதம் மாற்ற முயன்றவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரம் 1974இல் வெள்ளத்தில் மூழ்கியபின், விவன்ஹோ என்ற அணையை எழுப்பினார்கள். அந்த அணையின் கொள்ளளவை இரண்டு அறைகள் போலப் பிரித்து, கீழ் அறை குடிநீருக்கு, மேல் அறை வெள்ளத்துக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள். மேல் அறை எப்போதும் காலியாகவே இருக்க வேண்டும். யாரும் அதன்மீது கண் வைக்கலாகாது. எத்தனையோ சாந்தமான ஏற்பாடு! ஆயினும் 2011ஆம் வருஷம் ஜனவரியில், நீண்ட வறட்சியொன்று ஓய்ந்த சிறிது காலத்துக்குள், மேல் அறைக்கும் அடங்காத மழை வந்தது. நகரம் மறுபடி மூழ்கிற்று. அணையை நடத்தியவர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்று 2019இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணைக்குப் பொறுப்பான நிறுவனம் தொடுத்த அப்பீலில் 2021இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. அந்த இரவில் செய்தது சரியா தவறா என்பதை முடிவு செய்யச் சட்ட நிபுணர்களுக்கே பத்து வருஷம் பிடித்தது. மதகின் முன் நின்றவர்களுக்கோ சில மணி நேரந்தான் கிடைத்தது. ஒரே அணை, ஒரே மதகு, ஒரே இரவு என்று அத்தனை பாரத்தையும் ஓரிடத்தில் ஏற்றிவைக்கும் ஏற்பாடு, எவ்வளவு அழகாக வகுக்கப்பட்டிருப்பினும், ஒருநாள் முறியும் என்றே நாம் கருதுகிறோம்.

நமது முன்னோர் பாரத்தை ஓரிடத்தில் ஏற்றவில்லை. செங்கற்பட்டுச் சீமையின் பழைய ஏரிகளைப் பார்த்திருப்பவர்கள், கரையின் ஓரிடத்தில் உபரி நீர் வழிந்தோடுவதற்காகக் கல்லால் கட்டிய கலங்கலைக் கண்டிருப்பார்கள். சில கலங்கல்களின் உச்சியில், சற்றேறக்குறைய ஒரு கெஜத்துக்கு ஒன்றாகக் கற்கள் நட்டு நிறுத்தப்பட்டிருக்கும். பார்ப்பவர்கள் அழகுக்கு என்று நினைத்துவிடுவார்கள். அதன் உபயோகமே வேறு. பருவமழை வலுத்திருக்கும் வரையில் கற்களுக்கு இடைப்பட்ட இடம் திறந்தே கிடக்கும்; பெருவெள்ளம் வந்தால் தாராளமாக வழிந்துவிடும். மழை ஓயும் தறுவாயில், பெரிய ஆபத்து கடந்துவிட்டது என்று தெரிந்தபின், அந்த இடைவெளிகளைப் பலகையாலும் களிமண்ணாலும் புல்கரணையாலும் அடைத்து, கல்லின் தலை மட்டத்துக்கு நீரைத் தேக்கிக்கொள்வார்கள். ஏரி மழையின் முற்பகுதியில் திறப்போர் கட்சி. பிற்பகுதியில் தேக்குவோர் கட்சி. இரண்டு கட்சியும் தோற்கவில்லை. ஆளுக்குப் பாதி அடி என்று பங்கு போடவுமில்லை. காலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன், பழைய காலத்தில் எல்லாம் பொற்காலம் என்று நாம் பாடத் தொடங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தக் கல்லின் உயரத்தைப் பற்றியே கிராமத்துக்குக் கிராமம் சண்டை இருந்தது. கல் ஒரு சாண் உயர்ந்தால் மேற்புறத்தான் நிலம் முழுகும்; ஒரு சாண் தாழ்ந்தால் கீழ்ப்புறத்தான் பயிர் காயும். வழக்குகள் கச்சேரி வரை போனதுண்டு. ஆனால் கல் நட்டாகிவிட்டபின், மழை கொட்டும் இரவில் எவரும் உட்கார்ந்து தர்க்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தர்க்கமெல்லாம் வெயில் காலத்திலேயே முடிந்திருந்தது.

இன்று நம்மிடம் ராடாரும் செயற்கைக்கோளும் இருக்கின்றன. புயல் எங்கே திரும்புகிறதென்று இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஓரளவு தெரிகிறது. கல்லுக்குப் பதில் முன்னறிவிப்பை வைத்துக் காலத்தைப் பங்கிடலாம் என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். அதாவது பெருமழை வருகிறதென்றால் முன்னதாகத் திறப்பது, இல்லையென்றால் 24 அடிவரை தேக்குவது. யோசனை நல்லதே. முன்னறிவிப்பு பொய்த்துவிட்ட நாளில் அந்த உத்தியோகஸ்தரைக் காப்பாற்றுவதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்கிறோம். விதிப்படி திறந்து மழை பொய்த்தால் பழி விதியைச் சேரட்டும். ஆளைச் சேர வேண்டாம். இந்த அபயம் இல்லாத வரையில் எந்த ஆளும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பான்.

ஆயினும் முடிச்சூர்வாசி ஒருவர் இதுவரை பொறுமையோடு படித்து வந்திருந்தால், இப்போது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலையருகில் அல்லவா ஆற்றில் சேருகிறது? முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே அல்லவா இருக்கின்றன? செம்பரம்பாக்கத்தின் மதகை மூடினாலும் திறந்தாலும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?

கேள்வி முற்றிலும் நியாயம். நகரத்தின் வாதமெல்லாம் ஒரு மதகைச் சுற்றியே நடந்துகொண்டிருக்க, அந்த மதகோடு சம்பந்தமேயில்லாத பல ஆயிரம் வீடுகள் 2015 நவம்பரிலேயே ஒருமுறை முழுகி, டிசம்பரில் மறுமுறை முழுகின. 2023ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முழுகின. அங்கே வரும் வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய மேட்டுப்புறத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வரும் வெள்ளம். அவ்வேரிகளின் நீர் போகும் கால்வாய்களில் சில குறுகின. சிலவற்றின் மேல் மனைப்பிரிவுகள் எழுந்தன. முன்னே நெல் விளைந்து வெள்ளத்தை ஒரு வாரம் தாங்கி நின்ற வயல்கள் இன்று தெருக்களாகிவிட்டன. வயலுக்கு ஒரு வாரத் தண்ணீர் பெரிதன்று. கூடத்துக்கு ஒரு மணி நேரத் தண்ணீரே பெரிது.

இங்கே ஜனங்கள் ஒவ்வொருவரும் கைக்கொள்ளும் உபாயத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர் அண்டை வீட்டைவிட மூன்றடி உயர்த்தி அஸ்திவாரம் போடுகிறார். சாலை போடுகிறவர்கள் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டு உயர்த்துகிறார்கள். பழைய வீட்டுக்காரருக்கு வீடு பள்ளமாகிவிடுகிறது. கையில் பணமுள்ளவர் ஜாக்கிகளை வைத்து, கட்டிய வீட்டையே அடியோடு பெயர்த்து நாலடி தூக்கிக்கொள்கிறார்! சென்னைப் புறநகர்களில் இது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கண்டவர்கள் வியக்காமலிருக்க முடியாது. அவரவர் அளவில் இது புத்திசாலித்தனமே. ஆனால் உயர்ந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு தண்ணீர், உயராத வீட்டுக்குள் போகிறது. ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயம் அடுத்தவனை முழுகடிக்கும் உபாயமாக முடிகிறது. தேக்குவதற்கும் திறப்பதற்கும் உள்ள விரோதத்தைவிட, தன் வீட்டுக்கும் ஊருக்கும் உள்ள இந்த விரோதமே தீர்ப்பதற்கு அதிகக் கடினமானது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஸ்தல ஸ்தாபனங்களும் நெடுங்காலம் இதே ஜாக்கி வித்தையைத்தான் செய்து வந்தன. தாம்பரத்தின் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் ஒன்றன் கலங்கலிலிருந்து மற்றொன்றுக்கு நீர் விடும்படி சங்கிலியாக அமைந்து, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேருகின்றன. சங்கிலி ஒன்று, அதன் கண்ணிகளுக்கு எஜமானர்களோ பலர். ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் கால்வாயை அகலப்படுத்தினால், அந்த வேகத்தில் தண்ணீர் அடுத்த பேரூராட்சியின் தெருவில் போய் விழும். 2021ஆம் வருஷம் நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. பத்துப் பேர் தனித்தனியே தள்ளிவிட்டுக்கொண்டிருந்த தண்ணீருக்கு ஒரே பொறுப்பாளர் ஏற்பட்டது பெரிய லாபமே. ஆனால் வெள்ளத்துக்குப் பேர்போன முடிச்சூர் அப்போது அந்த எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை. சென்னை நீங்கலாக, ஆறு காஞ்சீபுரம், செங்கற்பட்டு என்ற இரண்டு ஜில்லாக்களில் ஓடுகிறது. தண்ணீருக்கு ஜில்லா எல்லை தெரியாது என்பதை ஒவ்வொரு கலெக்டரும் பேட்டியில் சொல்கிறார். எல்லைக்கு அப்பாலுள்ள ஏரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் அது தமது ஜில்லா அல்ல என்கிறார்.

வெள்ளத்துக்குப் பயந்து எடுத்த ஒரு நடவடிக்கை எப்படி வேறொரு வெள்ளத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பெரும்பாக்கம் சாட்சி சொல்லும். 2015க்குப் பின், அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்த ஏழைக் குடும்பங்கள் பல, ஆற்றைக் காப்பாற்றவும் அவர்களைக் காப்பாற்றவும் என்று சொல்லி அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களிற் பலருக்குப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் அளிக்கப்பட்டது. பெரும்பாக்கம் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே. மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. பழைய இடத்தில் வெள்ளம் இருந்தது, வேலையும் பக்கத்தில் இருந்தது. புதிய இடத்தில் வெள்ளம் இருக்கிறது. வேலைக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். பத்திரமும் பிழைப்பும் எதிரெதிராக நின்றபோது, பிழைப்பை வாங்கிக்கொண்டு பத்திரத்தையும் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம். நகரத்தின் நன்மையை எடை போட்டவர்கள் இந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை.

யாருடைய நிலம் முழுகட்டும் என்பதை மழைக்கு முன் பேசித் தீர்ப்பது சாத்தியமா என்று சிலர் ஐயுறலாம். ஹாலந்து தேசத்தில் 1995இல் ஆறுகள் பெருகி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்தது. கரைகளை மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை என்று கண்ட அவர்கள், ஆற்றுக்கு இடம் விடுவதென்று ஒரு திட்டம் வகுத்தார்கள். ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் பயிரிட்டிருந்த குடியானவர்களுடைய வயல்களைப் பெருவெள்ளத்துக்கு விடவேண்டும் என்றானபோது, அக்குடியானவர்களே ஒரு யோசனை கூறினார்கள்: உயரமான மண்மேடுகள் போட்டு அவற்றின்மேல் வீட்டையும் தொழுவத்தையும் கட்டிக்கொடுங்கள், வயலை வெள்ளம் வரும் வருஷத்தில் ஆறு எடுத்துக்கொள்ளட்டும் என்று. எல்லோருக்கும் அங்கே இடம் போதவில்லை. சிலர் நஷ்டஈடு பெற்று வேறிடம் சென்றார்கள். துக்கம் இல்லாமல் நடந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் நடக்கவில்லை.

நமது பக்கத்திலும் தேக்குவதையும் திறப்பதையும் ஒரே வேலையாக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2003ஆம் வருஷம் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்று விதித்த சட்டம் அத்தகையது. கூரையில் விழுந்த நீர் கிணற்றுக்குப் போனால், தெருவுக்கு வெள்ளம் அவ்வளவு குறைகிறது. கோடைக்குத் தண்ணீர் அவ்வளவு கூடுகிறது. பின்னாளில் அதைப் பல வீடுகளில் குழாயை மட்டும் வைத்துச் சடங்காக்கிவிட்டார்கள். குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய மழைநீரை 2017ஆம் வருஷத்து வறட்சியில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள்; மலையைத் தோண்டிய பள்ளம் ஓர் ஏரியின் வேலையைச் செய்தது. எல்லாவற்றிலும் முக்கியமாக நாம் கருதுவது ஒரத்தூர் வேலை. முடிச்சூருக்கு மேலே, ஒரத்தூர், ஆரம்பாக்கம் என்ற இரண்டு ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கமாக்கும் திட்டம் அது. அங்கே பிடித்துவைக்கும் ஒவ்வொரு கன அடியும் முடிச்சூர்த் தெருவில் ஓடாத ஒரு கன அடி. கோடையில் குடிக்கக் கிடைக்கும் ஒரு கன அடி. தேக்குவோர் கட்சியும் திறப்போர் கட்சியும் ஒரே மனுவில் கையொப்பமிடக்கூடிய வேலை இதைவிட வேறில்லை. அதைத் தாமதப்படுத்தியது எது? நிலமெடுப்பு. தமது நிலம் முழுகப்போகிறதே என்று கேட்ட மேற்புறத்துக் குடியானவர்களுக்கு என்ன விலை, எப்போது, எந்த முறையில் என்ற கேள்விதான் மண் வெட்டுவதைவிட அதிகக் காலத்தை விழுங்கியது. கலங்கல் கல்லைப் பற்றிய பழைய சண்டையே புது வேஷத்தில் வந்திருக்கிறது.

நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். செம்பரம்பாக்கம் மட்டுமன்றி, ஆதனூர் முதல் நாராயணபுரம் வரையிலுள்ள ஒவ்வோர் ஏரிக்கும், எந்தத் தேதியில் எந்த மட்டம் என்ற விதி எழுத்தில் இருத்தல் வேண்டும். அது புரட்டாசி முடிவதற்குள் ஊராட்சி ஆபீஸ் சுவரிலும் ரேஷன் கடையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மட்டம் உயர்ந்தால் எவருடைய நிலம் எத்தனை நாள் முழுகும், அதற்கு என்ன ஈடு, யார் கொடுப்பது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். விதியை மாற்ற விரும்புகிறவர்கள் பங்குனி, சித்திரையில், ஏரியின் தரை தெரியும் காலத்தில், கரைமேல் நின்று பேசலாம். கலெக்டர்கள் இருவரும், மாநகராட்சியும், மாநகராட்சிக்கு வெளியிலுள்ள ஊராட்சிகளும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களையும் மறவாமல் அழைக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு கரைகளின் அனுபவமும் உண்டு.

வரதராஜபுரத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் 2015ஆம் வருஷத்து நீர்மட்டத்தை வெளிச்சுவரில் வர்ணத்தால் கோடிட்டு, தேதியும் எழுதி வைத்திருக்கிறார்கள். சாலை உயர்ந்துகொண்டே வந்ததில் அந்தக் கோட்டுக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள தூரம் வருஷந்தோறும் குறைந்துகொண்டு வருகிறது. சென்ற பங்குனியில் அதைப் பார்க்கப் போயிருந்தபோது, அந்தக் கோட்டின் கீழேயே தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது.